சேர் தெரிவுசெய்த புத்தகம்

அவரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதச் சொன்னால் என்னால் ஏலாது. முயன்று பார்த்திருக்கிறேன். அவர் ஓய்வுபெற்றபோது ஆஸ்பத்திரியில் ஒரு மலர் வெளியிட்டார்கள். "அவருக்குக் கீழ பழகின ஆக்களில நீங்கள்தானே இப்ப நல்ல இடத்தில இருக்கிறியள், ஒரு பக்கம் எழுதித் தாங்கோவன்" என்று மலர்க்குழுவிலிருந்து ஒருவர் போன் எடுத்துக் கேட்டார். எழுதினேன். வாசித்துப் பார்த்தேன். பொய். கிழித்துப்போட்டு மறுபடி எழுதினேன். அது உண்மையாக இருந்தது, ஆனால் மலரில் போட முடியாது. கடைசியில் சுகமில்லை என்று சொல்லித் தப்பிக்கொண்டேன்.

சண்டை மறுபடி மூண்டிருந்த காலம். திருகோணமலையில் துறைமுகப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில், ஸ்கேன் பிரிவில் நான் பயிற்சி டொக்டராக இருந்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அவருடைய பெயரும் வேண்டாம். அவர்தான் அந்தப் பிரிவின் நிபுணர், நாங்கள் 'சேர்' என்போம். அவருக்குக் கீழே பயிற்சிக்கு இருந்தது நானும் ருவனும்தான். ருவன் குருநாகல் பக்கத்துச் சிங்களப் பெடியன். என்னை 'அக்கே' என்று கூப்பிடுவான். கொஞ்சத் தமிழும் கொஞ்ச ஆங்கிலமும் கலந்து அவன் பேசுகிற பேச்சு எனக்கும் அவனுக்கும் மட்டும் நன்றாக விளங்கும்.

சேர் உயரமான மனுசர். எந்த வெயிலிலும் மடிப்புக் குலையாத வெள்ளைச் சேட்டுப் போட்டிருப்பார். படம் பார்க்கிற வெளிச்சப் பெட்டிக்கு முன்னால் நிற்கும்போது வலது தோளைச் சற்று முன்னுக்குத் தள்ளி நிற்பார். முதல் கிழமை, அவர் நிற்கிற வாகே அதுதான் என்று நினைத்தேன். படம் தெரியவில்லையே என்று இடப்பக்கம் போனேன். இடது தோள் முன்னுக்கு வந்தது. பின்னால் போய் நுனிக்காலில் நின்று எட்டிப் பார்த்தேன். படத்தைக் கழற்றி உறைக்குள் போட்டுவிட்டு, லைற்றை அணைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி என்னைத் தாண்டிப் போனார்.

அன்றைக்கு எனக்கு விளங்கிவிட்டது. இந்த மனுசருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரிந்துவிடக்கூடாது. அது ஒன்றுதான் அவர். மிச்சமெல்லாம் சேட்டும் கழுத்துப்பட்டியும்.

தட்டச்சு செய்கிற பெண்ணின் காதுக்குப் பக்கத்தில் குனிந்துதான் ரிப்போர்ட் சொல்லுவார். அறைக்குள் தமிழர் இருந்தால் போனில் சிங்களம், சிங்களவர் இருந்தால் தமிழ், இரண்டு பேரும் இருந்தால் எழும்பி வெளியே போய்விடுவார். தன் புத்தகங்களுக்கு எல்லாம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி, பழுப்புத் தாளில் உறை போட்டு வைத்திருப்பார். பிள்ளைகள் என்றால் உறையில் பெயர் எழுதுவார்கள். அவர் எழுதமாட்டார். அவர் என்ன வாசிக்கிறார் என்றுகூட எங்களுக்குத் தெரியக்கூடாது.

ஒருநாள் துணிந்து கேட்டேன். "சேர், பெருநாடி சும்மா வீங்கியிருக்கோ, உள்சுவர் கிழிஞ்சிருக்கோ எண்டு எதை வச்சுப் பிரிச்சுப் பாக்கிறது?"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நான் லண்டனில பனிக்குள்ள நடந்து போய்ப் படிச்சது. அதை நீர் ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரத்துக்குள்ள கேட்டுக்கொண்டு போகப் பாக்கிறீர். என்ன?"

"சேர், அதுக்குத்தானே இஞ்ச வந்தனான்."

"எங்கயிருந்து வந்தனீர்?"

"சல்லியிலயிருந்து, சேர்."

"ம். அங்க கருவாடு நல்லாக் காயும்." பெடியனுக்குப் பகிடி சொல்கிற மாதிரி ருவனைப் பார்த்துச் சிரித்தார். "நெத்தலி பிரிக்கிற கையால நாடி பிரிக்க ஏலாது, பிள்ளை. அது உமக்கு விளங்காது."

ருவன் சிரிக்கவில்லை. நான் அன்றைக்குக் கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அழுகையில்லை, ஆத்திரம். என் அப்பா கடலில் போட்ட உழைப்பில் படித்த பிள்ளை நான். அதை அவர் கருவாடு என்றார்.

கெட்டிக்காரர் என்பதை மறைக்கமாட்டேன். மறைத்தால் அவருக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. துறைமுகத்துக்குள் ஏதோ வெடித்த ஒரு காலையில் கடற்படைப் பெடியன் ஒருவனைக் கொண்டு வந்தார்கள். மேலுக்கு ஒரு கீறலும் இல்லை, கதைத்துக்கொண்டுதான் இருந்தான். வாட்டில் விட்டு வைப்போம் என்று எல்லோரும் சொன்னபோது சேர்தான் நெஞ்சை ஸ்கேன் பண்ணச் சொன்னார். படம் வந்ததும் ஒரு கணம் பார்த்தார். அவ்வளவுதான். அந்த உயரமான மனுசர் சப்பாத்துச் சத்தம் கேட்க ஓடினார், சத்திரசிகிச்சை அறைப் பக்கம். இருதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோகிற பெருநாடியில் மயிரளவு கிழிசல். பெடியனை ஹெலியில் கொழும்புக்கு ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டான்.

அவர் திரும்பி வந்தபோது நானும் ருவனும் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றோம். எவ்வளவு பார்த்தும் கிழிசல் எங்கள் கண்ணுக்குப் படவில்லை.

"சேர், எங்க எண்டு விரலால ஒருக்காக் காட்டுங்கோ" என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

படத்தைக் கழற்றினார். "முடிஞ்சுது. போய்ச் சாப்பிடும்."

இன்னொரு பெடியன் அப்படி வந்து, அன்றைக்கு அவர் இல்லாமல் போனால் என்ன செய்வது என்ற யோசனை அவருக்கு வந்ததேயில்லையா? வந்திருக்கும். அவர் இல்லாமல் ஒன்றும் நடக்கக்கூடாது என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

எங்கள் ஸ்கேன் இயந்திரம், சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று தந்தது. புதிது இல்லை, வேறெங்கோ பாவித்துவிட்டுப் புதுப்பித்துத் தந்தது. பீரங்கிச் செல்லடியில் கை கால் சிதைந்து வருகிற ஆட்கள் கூடக்கூட, இரத்தக்குழாய் அறுந்திருக்கிறதா இல்லையா என்று பார்க்கத்தான் அதை அதிகம் ஓட்டினோம். கையில் ஊசியால் சாயமருந்தை ஏற்றி, அது இரத்தத்தோடு ஓடுகிற நேரத்தில் படம் எடுக்க வேண்டும். எப்போது தொடங்குவது, எவ்வளவு ஏற்றுவது, எது உண்மையான அடைப்பு, எது படத்தில் வருகிற பொய்த் தோற்றம் என்று எங்களுக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. ஆள் இருந்தார், சொல்லித்தரவில்லை.

நிறுவனத்தின் வெள்ளைக்காரப் பெண்மணி ஒருத்தி இயந்திரத்தைப் பார்க்க வந்தபோது ருவன் இதை அவளிடம் கெட்டித்தனமாகப் போட்டுவைத்தான். சேரைக் குறை சொல்லவில்லை. "எங்களுக்கு ஒரு நல்ல கைநூல் வேண்டும்" என்று மட்டும் சொன்னான். இரத்தக்குழாய் ஸ்கேனுக்கென்றே உள்ள மூன்று புத்தகங்களின் மாதிரிப் பிரதிகளைக் கொழும்பு அலுவலகத்துக்கு எடுத்துத் தருவதாகவும், பயிற்சியில் இருக்கிற ஆட்களுக்கு எது உதவுமோ அதைத் தெரிவுசெய்து சொன்னால் பிரிவுக்குத் தேவையான பிரதிகளை வாங்கித் தருவதாகவும் அவள் சொன்னாள். மாதிரிகளைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். தெரிவில் பிரிவுத் தலைவரின் கையெழுத்து வேண்டும்.

ருவன் ஊருக்குப் போய்த் திரும்பும்போது மூன்றையும் கொழும்பிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தான். வழியில் சோதனைச்சாவடியில் இறக்கினார்கள். ஆமிக்காரன் பெரிய புத்தகத்தை விரித்து, கலர்ப் படத்தில் கிளை கிளையாய்ப் பிரிகிற நாடிகளை விரலால் பிடித்துக்கொண்டே போய், "இது எந்தப் பக்கத்து ரோட்டு?" என்று கேட்டானாம். ருவன் தன் தொடையைக் காட்டி, "இந்தப் பக்கத்து" என்றானாம். அதைச் சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தோம். அந்த ஆஸ்பத்திரியில் நான் சிரித்த நாட்கள் குறைவு.

ஒரு கைநூலை எப்படித் தெரிவுசெய்வது? முன்னுரையையும் அட்டையையும் பார்த்துப் பயனில்லை என்று இரண்டு பேருக்கும் பட்டது. எங்களைத் திணறடித்த பழைய படங்களை எடுத்து மேசையில் வைத்தோம். ஒவ்வொன்றுக்கும் மூன்று புத்தகத்திலும் தேடினோம்.

பெரியதைத் தூக்கவே இரண்டு கை வேண்டும். மினுங்குகிற தாள். இருதய நாடிகள் பொன்னும் சிவப்புமாக, கோயில் சிற்பம் மாதிரி. பெரிய பெரிய பேராசிரியர்கள் எழுதியது. ஆனால் அதிலிருந்த படங்களை எடுக்க எங்களிடம் இருந்ததைவிடப் பல மடங்கு வேகமான இயந்திரம் வேண்டும். காலுக்கு ஒரே ஒரு அத்தியாயம், காயத்துக்கு அரைப் பக்கம். இரண்டாவது, சோதனைக்குப் படிக்கிறவர்களுக்கு. விடை இருந்தது, விளக்கம் இல்லை.

மூன்றாவது மெலிந்த புத்தகம். சாம்பல் படங்கள், அழகில்லாத அச்சு. ஆனால் ஒவ்வொரு அத்தியாயமும் எங்கே பிழைவிடுவாய் என்பதிலிருந்து தொடங்கியது. பழைய மெதுவான இயந்திரத்துக்கும் வேறாக அளவு போட்டிருந்தது. உலோகத்துண்டு பக்கத்தில் கிடந்தால் அதன் நிழல் நாடியை அறுத்த மாதிரிக் காட்டும், அதை நம்பாதே என்றது. காயப்பட்டு இரத்த ஓட்டம் மந்தமான காலில் சாயமருந்து கீழே போய்ச் சேருமுன்னரே இயந்திரம் ஓடி முடிந்துவிடும், நாடி அடைபட்ட மாதிரித் தெரியும், ஆளை மேசையிலிருந்து இறக்காமல் உடனே இரண்டாம் தரம் ஓட்டிப் பார் என்றது. நாங்கள் வைத்திருந்த படங்களில் பெரும்பாலானவற்றுக்கு அதில் பதில் இருந்தது.

"அக்கே, இந்தப் புத்தகம் சேர் மாதிரி இல்ல" என்றான் ருவன். "கேட்டாச் சொல்லுது."

சேரிடம் கொண்டுபோனோம். மெலிந்த புத்தகத்தை அவர் கையில் எடுத்தார். நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். சும்மா புரட்டத் தொடங்கியவர் ஓரிடத்தில் நின்றார். அந்தப் பக்கத்தை முழுதாக வாசித்தார், அடுத்ததையும் வாசித்தார். புத்தகத்தின் பெறுமதி அவருக்கு விளங்கிவிட்டது. எங்களைவிட நன்றாக விளங்கியது. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது.

மூடி வைத்தார். "இது சமையல் புத்தகம். உப்பு இவ்வளவு, புளி இவ்வளவு."

"சேர், எங்கட மெஷினுக்கு அளவு போட்டிருக்கிறது இதில மட்டுந்தான்."

"அதுதான் சொல்லுறன். இதை வாங்கிப் போட்டா நாளைக்கு ஆரும் வந்து படம் வாசிப்பினம். பிறகு நான் எதுக்கு?" சிரித்தார். பகிடி என்று நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். பெரிய புத்தகத்தை இழுத்து மேலே வைத்தார். "ஒரு பிரிவில இருக்கவேண்டிய புத்தகம் இது. இதுக்குத்தான் நான் கையெழுத்து வைப்பன்."

"எங்களுக்கு உதவிற புத்தகம் எண்டுதானே சேர் கேட்டவை?"

"உமக்கு எது உதவும் எண்டு எனக்குத் தெரியும்."

பெரிய புத்தகம் வந்தது. அதன் விலைக்கு ஒரு பிரதிதான் வாங்க முடிந்ததாம். சேர் அதைத் தன் அறைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பைச் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டார். கண்ணாடிக்கு வெளியே நின்று புத்தகத்தின் முதுகைப் பார்க்கலாம்.

மாதிரிப் பிரதிகளைத் திருப்பி அனுப்பும் பொறுப்பை அவரே எடுத்தார். மெலிந்தது மட்டும் வந்து சேரவில்லை என்று கொழும்பிலிருந்து கேட்டார்கள். அன்றைக்கு மட்டும் வெளியே போகவில்லை, எங்கள் முன்னாலேயே போனில் சொன்னார்: "அந்தப் பெடியன் பஸ்ஸில எங்கயாவது துலைச்சிருப்பான். இரண்டுதான் என்ர கைக்கு வந்தது." ருவனின் காது சிவந்தது. "சேர், நான் மூண்டும் தந்தது" என்றான். போனை வைத்துவிட்டு, "அப்ப நான் பொய் சொல்லுறனோ?" என்று கேட்டார். அந்தப் பெண்மணி அதற்குப் பிறகு ருவனோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

பிறகு சம்பூர்ப் பக்கம் சண்டை வந்தது. துறைமுகத்திலிருந்து குடாவுக்கு அந்தப் பக்கம் அடிக்கிற செல் சத்தத்தில் எங்கள் அறையில் வெளிச்சப் பெட்டிகள் நடுங்கும். சனம் வெருகல் பக்கமாய் ஓடுகிறது என்று கேள்விப்பட்டோம். காயப்பட்ட சிலரைப் படகில் எங்களிடம் கொண்டு வந்தார்கள். அதில் தெய்வானை என்று ஒரு பெண். வயலில் கூலிவேலை செய்கிறவள். முழங்காலைச் சுற்றி இரும்புத்துண்டுகள். கெண்டைக்கால் கல் மாதிரி வீங்கியிருந்தது. பாதம் குளிர்ந்து, நாடித்துடிப்பு விரலுக்கு அகப்படவில்லை.

சத்திரசிகிச்சை டொக்டர் அவசரப்பட்டார். "நாடி அறுந்திருந்தா இஞ்ச என்னால தைக்க ஏலாது. ரோட்டும் பூட்டு, இவவுக்கு ஹெலியும் தரமாட்டினம், கொழும்புக்கு ஏத்த ஏலாது. அறுந்திருக்கெண்டு நீங்கள் சொன்னா முழங்காலுக்கு மேல எடுக்கிறன். பிந்தினா உயிர் போயிடும்."

தெய்வானைக்கு எல்லாம் கேட்டது. என் கையைப் பிடித்தாள். "பிள்ளை, காலை எடுத்துப்போடாதேங்கோ. வயலுக்க இறங்கிற கால். எனக்கு வேற ஒண்டும் இல்ல."

சேர் லீவில் கொழும்பில் இருந்தார். போன் எடுத்தேன், நல்லகாலம் கிடைத்தது.

"சேர், கால் குளிர்ந்துபோய்க் கிடக்கு. ரத்தம் மெதுவாத்தான் ஓடும் போல. மருந்து கீழ போக முன்னம் மெஷின் ஓடி முடிஞ்சிருமெண்டா, இறக்காமல் இரண்டாந்தரம் எடுக்கிறதோ?"

"உமக்கு ஆர் உதைச் சொன்னது?" என்றார்.

"சேர், சரியோ பிழையோ எண்டு மட்டும் சொல்லுங்கோ."

"நான் வந்து பாக்கிறன். அதுவரைக்கும் ஒருத்தரும் ரிப்போர்ட் குடுக்கப்படாது."

"ரோட்டுப் பூட்டு சேர். நீங்கள் வந்து சேரேக்க கால் இருக்காது."

"நான் வந்து பாக்கிறன் எண்டு சொன்னனான்."

போனை வைத்துவிட்டார். ஓம் என்று ஒரு சொல், இல்லை என்று ஒரு சொல், எதையாவது சொல்லியிருக்கலாம். அந்தச் சொல்லைத் தராமல் வைத்துக்கொண்டார்.

ஸ்கேன் எடுத்தோம். முதல் ஓட்டத்தில் முழங்காலடியில் இரும்பின் கறுப்புக் கோடுகள், அதற்குக் கீழே ஒன்றுமில்லை. நாடி வெட்டுப்பட்ட மாதிரியே இருந்தது. இயந்திரத்தை ஓட்டுகிற தம்பி, "இறக்கட்டோ மிஸ்?" என்று எழும்பினான்.

"இறக்காதேங்கோ. முழங்காலில இருந்து திரும்ப ஓட்டுங்கோ. இப்பவே."

திரையில் காலின் குறுக்குவெட்டுப் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. முதலில் இருட்டு. பிறகு கணுக்கால் பக்கம் ஒரு வெள்ளைப் பொட்டு, சாயமருந்து. அடுத்ததிலும் அதே இடத்தில் பொட்டு. ருவன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். "அக்கே, போகுது! கீழ போகுது!" மேலே கீழே ஓட்டி ஓட்டிப் பார்த்தோம். கறுப்புக் கோட்டுக்கு மேலே நாடி இருந்தது, கீழேயும் அதே பருமனில் இருந்தது, வெளியே கசிவு இல்லை. நாடி அறுந்திருக்கவில்லை. வீங்கிய தசை அதை நெரித்துக்கொண்டிருந்தது.

நான் ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்து வைத்தேன். சத்திரசிகிச்சை டொக்டர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "வடிவாத் தெரியுமோ?"

"ஓம்."

அவர் காலை எடுக்கவில்லை. தசையைச் சுற்றியிருக்கிற உறையைக் கீறி, அமுக்கத்தை இறக்கிவிட்டார். பின்னேரம் பாதத்தில் சூடு திரும்பியது. வாட்டுக்குப் போய் அந்தப் பாதத்தை என் கையால் தொட்டுப் பார்த்தேன். "கூசுது பிள்ளை" என்றாள் தெய்வானை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

ரோட்டுத் திறந்ததும் சேர் வந்தார். தெய்வானையைப் போய்ப் பார்க்கவில்லை. நேராகப் பணிப்பாளரிடம் போனார். உத்தரவை மீறி, தகுதியில்லாமல் ரிப்போர்ட் கொடுத்தேன் என்று முறைப்பாடு.

விசாரணை பணிப்பாளரின் அறையில். சத்திரசிகிச்சை டொக்டரையும், சாட்சிக்கு ருவனையும் கூப்பிட்டிருந்தார்கள். "கால் இருக்கு. நான் வேற என்ன சொல்ல?" என்றார் சத்திரசிகிச்சை டொக்டர். அந்த ஒரு வாக்கியம் சேரைச் சுட்டுவிட்டது. எழும்பினார். முகமெல்லாம் சிவப்பு.

"கால் தப்பினது அதிர்ஷ்டம். எங்கயோ ஒரு பக்கத்தை வாசிச்சுப்போட்டு வந்து விளையாடுறது. அந்தப் பக்கத்திலயே கீழ என்ன எழுதியிருக்கெண்டு இந்தப் பிள்ளைக்குத் தெரியுமோ? நான் வாசிச்சுக் காட்டுறன்." பைக்குள் கையை விட்டு, பழுப்புத் தாள் உறை போட்ட ஒரு மெலிந்த புத்தகத்தை எடுத்து விரித்து வாசிக்கத் தொடங்கினார். இரண்டாம் ஓட்டத்தை அனுபவமுள்ள நிபுணர் ஒருவரிடமும் காட்டுவது நல்லது என்று அதில் இருந்தது. அதை இரண்டு தரம், அழுத்தி வாசித்தார்.

கதிரை தரையில் உரசிய சத்தம் கேட்டது. ருவன் எழும்பி நின்றான். தமிழில்தான் சொன்னான், ஒவ்வொரு சொல்லாக.

"சேர், அது நான் துலைச்ச புத்தகம்."

பணிப்பாளர் கையை நீட்டினார். சேர் கொடுக்காமல் நின்றார். பிறகு கொடுத்தார். பணிப்பாளர் முதல் பக்கத்தைத் திருப்பினார். தொண்டு நிறுவனத்தின் முத்திரை, மாதிரிப் பிரதி என்ற நீல எழுத்து.

"எனக்கு அன்பளிப்பாத் தந்தவை" என்றார் சேர். குரல் அப்போதும் அதே குரல்தான்.

பணிப்பாளர் கெட்டவர் இல்லை, களைத்த மனுசர். புத்தகத்தை மூடி, சேர் இருந்த பக்கமாகவே தள்ளி வைத்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "பிள்ளை, எனக்கு எல்லாம் விளங்குது. ஆனா இவர் கோவிச்சுக்கொண்டு போனா, இந்தச் செல்லடிக்குள்ள வேற ஆர் நிபுணர் இஞ்ச வருவினம்? நீங்கள் எண்டா எங்க போனாலும் படிப்பீங்கள்." எனக்கு எச்சரிக்கையும் வேறு ஊருக்கு மாற்றமும் கிடைத்தன. சேருக்கு ஒன்றும் இல்லை. ருவனிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, அவன் அங்கே இருந்த கடைசி நாள் வரைக்கும்.

போகிற அன்று தெய்வானையிடம் சொல்லப் போனேன். கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்று பழகிக்கொண்டிருந்தாள். எங்கே போவாள் என்று அவளுக்கே தெரியாது, ஊரில் ஒருவரும் இல்லை. "எங்க போனாலும் நடந்து போவன், பிள்ளை" என்றாள்.

ருவன் பின்னாளில் ஒருமுறை சொன்னான், சேருக்கும் இளவயதில் யாரோ இப்படித்தான் செய்திருப்பார்கள் என்று. இருக்கலாம். எனக்கும்தான் செய்தார்கள். நான் என் பயிற்சி டொக்டர்களுக்குத் தோளைக் காட்டுவதில்லை. ஆகவே அந்தச் சமாதானம் எனக்குச் செல்லாது.

சண்டை முடிந்து, நான் நிபுணராகிப் பல வருஷத்துக்குப் பிறகு அவர் என்னிடமே வந்தார், நோயாளியாக. மெலிந்திருந்தார். வயிற்றில் ஏதோ துடிக்கிறது என்றார். ஸ்கேன் எடுத்தோம். என் பயிற்சி டொக்டர் ஒரு பெண். அவள்தான் முதலில் பார்த்தாள், அளந்தாள், ரிப்போர்ட் எழுதினாள். நான் சரி பார்த்தேன், திருத்த ஒன்றும் இருக்கவில்லை. வயிற்றுப் பெருநாடி வீங்கி, வெடிக்கிற அளவுக்குக் கிட்ட வந்திருந்தது.

அவர் கட்டிலில் எழும்பி உட்கார்ந்து திரையைப் பார்க்க முயன்றார். கண் பார்வை மங்கியிருந்தது. "என்ன தெரியுது? நீர் சொல்லும்" என்றார் என்னிடம். "இந்தப் பிள்ளையை வெளியில விடும்."

அது நோயாளியின் உரிமை, கேட்டால் விட வேண்டும். அவள் எழும்பினாள். ஆனால் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

"வெளியில விடுறன் சேர். ஆனா பாத்தது அவ, அளந்தது அவ. உங்கட வயித்துக்குள்ள என்ன இருக்கெண்டு என்னைவிட அவவுக்குத்தான் வடிவாத் தெரியும். நான் சொன்னாலும் அவ எழுதினதைத்தான் சொல்லுவன்."

நெடுநேரம் அவளையே பார்த்தார். பிறகு கையால் கதிரையைக் காட்டினார். அவள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். எங்கே தொடங்குகிறது, எவ்வளவு அகலம், சிறுநீரக நாடிக்கு எவ்வளவு கிட்ட, எந்த விதமாகச் சரிசெய்யலாம், அதில் என்ன ஆபத்து. அவர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். அவள் ஒன்றையும் ஒளிக்காமல், விளங்காத இடத்தில் தாளில் படம் கீறிக் காட்டிச் சொன்னாள். நான் கைகட்டிக்கொண்டு நின்றேன்.

முடிவில் அவர் அவளிடம், "எங்க பிள்ளை படிச்சனீர்?" என்று கேட்டார்.

"இஞ்சதான் சேர்" என்றாள்.

கொழும்பில் சத்திரசிகிச்சை செய்து தப்பிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். இப்போதும் உயிரோடுதான் இருக்கிறாராம். அந்தப் பெண் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நான் போகவில்லை.